நாற்பத்தொரு கேட்

நேற்று பாட்கர் வீட்டு டிவியில் படம் காட்டினோம்.
ஒட்டகச்சிவிங்கி வந்ததும் பிள்ளைகள் கைதட்டின.
செம்மணல் மேட்டில் நீ செருப்பைக் கையில் பிடித்து நிற்பது,
வண்டிக் கூரைமேல் கூடாரத்தில் உட்கார்ந்து
நான் பல் துலக்குவது.
"எத்தனை கிலோமீட்டர்?" என்றார் பாட்கர்.
நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு.
துறைமுகத் தணிக்கைப் பிரிவில் முப்பத்தோரு வருஷம்,
எனக்குக் கணக்கு மறக்காது.
பஞ்சர் மூன்று. முன்கண்ணாடியில் கல் பட்ட கீறல் ஒன்று.
புளிக்காய்ச்சல் பாட்டில், பத்தொன்பதாம் நாள் காலி.
கேட் நாற்பத்தொன்று.

"பயமா இல்லையா, சௌந்தரா?"
என்று இந்தியில் கேட்டாள் பாட்கர் மனைவி.
"எதுக்கு?" என்றாய்.

கேட்டைப் படம் எடுக்க இருவருக்கும் தோன்றவில்லை.
நமீபியாவில் பண்ணைகளுக்குள் புகுந்து போகும் சரளைச் சாலை.
ஆளில்லை, வீடில்லை,
திடீரென்று குறுக்கே ஒரு கம்பி கேட்,
இரண்டு பக்கமும் கண் போகிற மட்டும் வேலி.
திறந்தவர் மூடிவிட்டுப் போக வேண்டும்.
ஓட்டுகிறவன் நான், அதனால் இறங்குகிறவள் நீ.
சங்கிலியை அவிழ்த்து
கேட்டோடு சேர்ந்து பின்னால் நடப்பாய்.
நான் கடந்து நிறுத்துவேன்.
பக்கக் கண்ணாடிக்குள் நீ குனிந்து பூட்டுவாய்,
முழங்கைவரை புழுதியோடு வந்து ஏறி
"ம், போங்க" என்பாய்.

நாற்பது தடவை சொன்னாய்.

இருபத்தேழாவதில் பேச்சுவார்த்தை இல்லை.
முந்தின ஊரிலேயே டீசல் போடச் சொல்லியிருந்தாய்,
அரை டேங்க் போதுமென்றேன்.
டீசலில் தொடங்கியது
உன் தம்பி கல்யாணம் வழியாகப் போய்
என் அம்மாவின் ஆஸ்பத்திரி பில்லுக்கு வந்து சேர்ந்தது.
நீ இறங்கினாய். திறந்தாய். நான் கடந்தேன்.
நிறுத்தவில்லை.

முந்நூறு மீட்டர், மிஞ்சினால் நானூறு.
அதை மட்டும் நான் மீட்டரில் பார்க்கவில்லை.
என் புழுதியே எழும்பி உன்னை மறைத்தது.
எஞ்சினை அணைத்தேன்,
மற்றது அணைய ஐந்து நிமிஷம் ஆயிற்று.
ரிவர்ஸில் வந்தபோது
கேட்டின்மேல் இரண்டு கையையும் ஊன்றி
எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாய்.
ஏறினாய். தண்ணீர் குடித்தாய்.
இரண்டு வருஷமாக அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இன்று மாட்டுங்காவில் காலையிலிருந்தே மழை.
நம் கட்டடத்து லிஃப்டுக்கு இன்னமும் இரட்டைக் கம்பிக் கதவு,
ஒன்று சரியாகச் சேராவிட்டாலும் நகராது.
என் இரண்டு கையிலும் பை,
நீதான் இழுத்து மூடினாய், வெளியே ஒன்று, உள்ளே ஒன்று.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
வாய் தானாகக் கேட்டுவிட்டது.
"அன்னிக்கு அங்க பயந்தியா?"

எங்கே என்று நீ கேட்கவில்லை.

"மொதல்ல, ஒரு நிமிஷம்.
அப்புறம் வண்டிச் சத்தம் நின்னு போச்சு.
அப்படி ஒரு அமைதி. காத்து மட்டும்.
அந்த இருபத்திரண்டு நாள்ல
எனக்கே எனக்குன்னு இருந்தது அவ்வளவுதான்.
நீங்க பின்னாலயே வர்றது கேட்டதும்
கொஞ்சம் ஏமாத்தமாக்கூட இருந்துச்சு."

நாலாம் மாடி.
இரண்டு வருஷமாகத் தயாராக வைத்திருந்த மன்னிப்பை
எந்தப் பையில் போடுவதென்று தெரியவில்லை.
வெங்காயம் கனத்தது.
கதவுகளைத் திறந்துவிட்டாய், நான் கடந்து வெளியே வந்தேன்.
திரும்பினால் நீ உள்ளேயே நின்று
கம்பிக் கதவை இழுத்துச் சாத்துகிறாய்.

"ம், போங்க. பால் வாங்க மறந்துட்டேன்."

முதலில் முகம் இறங்கியது, பிறகு தோள்,
நனைந்த குடையின் நுனி.
கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

இடது கைப் பையில்
இரண்டு பாக்கெட் பால் சில்லென்றிருந்தது.
நான் கூப்பிடவில்லை.