தாண்டிப் போகும் வரி

லைசென்ஸ் காலாவதி. வரைபடம் திறக்கவில்லை.
கோப்பை நோட்பேடில் திறந்தேன்.
தலைப்பில் நாலு வரி, # போட்டு:
பெலந்தூர் வடிகால். நேரம் நொடியில், ஆழம் மீட்டரில்.
மழை: கற்பனை, மணிக்குத் தொண்ணூறு மில்லிமீட்டர்.
ஓட்டியது: அஞ்சுகம்.
நான்தான்.

அப்புறம் எண்கள்,
பந்தியில் உட்கார்ந்த மாதிரி இடைவெளி விட்டு.

10800   ஜே212   0.00
11100   ஜே212   0.41
11400   ஜே212   1.27

ஜே212 என்பது ஈஜிபுராவில் ஒரு பேஸ்மென்ட்.
வாட்ச்மேன் பசப்பா வீட்டார் படுப்பது
அங்கே, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில்.
அதற்கு நெடுவரிசை கிடையாது.

11100-க்கு மேலே ஒரு வரி நுழைத்தேன்:
# இங்கே நாலு பேர். ஒன்று கைக்குழந்தை.

# கண்டால் மென்பொருள் தாண்டிப் போய்விடும்.
மாநகராட்சியில் யாராவது
கண்ணால் படித்தால்தான் உண்டு.

வெளியே நிஜத் தூறல்.
சேமிக்கவா என்று கேட்டது.