ஆம் / இல்லை

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் ஒரு தாள் தந்தார்கள்.
கேள்விக்கு நேரே ஆம், இல்லை.
டிக் போட்டால் போதும்.

பொய் சொல்வானா? ஆம்.
கேட்காமல் எடுப்பானா? ஆம்.
போன மாதம் மொதலாளியின் ஒட்டுப்பால், ஒரு சாக்கு.
பிராணிகளை?
பேனா நின்றது.
செறுபுஷ்பம் வீட்டு ஆட்டின் காது.
ஆம்.
தீ? ஷீட் உணக்கும் புகைப்புரை,
பாதிக் கூரைதான் போனது, ஆனாலும் ஆம்.

டீ.சி. தந்த அன்றைக்கு மட்டும்
ஹெட்மாஸ்டர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.
அதை எழுதத் தாளில் இடமில்லை.
மூன்று மணிக்கு நெற்றியில் லைட் கட்டி
நான் பால்வெட்டப் போகும்போதெல்லாம்
பாயில் அவன் கண் திறந்திருந்ததையும்.

"உறங்கல்லியா மக்கா?"
"உறங்கியாச்சு."
அதையும் பொய்க் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.

டாக்டர் பெண் சின்ன வயசு.
இன்னொரு தாளை எடுத்தாள், என்னிடம் தரவில்லை.
அவளே வாசித்தாள்:
"சாகணும்னு எப்பவாவது சொல்லியிருக்கானா?"

இல்லை என்று வாயைத் திறந்தேன்.
இவனா? ஊரைக் கொல்லுகிறவனா?

பெஞ்சில் இருந்து காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தவன்
தலை தூக்காமல் சொன்னான்:
"உண்டு."

நடத்தைக் கோளாறு என்றாள். கூடவே மனச்சோர்வு.
ஒன்றுக்கு அடியில் மற்றது கிடக்குமாம்,
ஒச்சை உள்ளதுதான் ஊருக்குக் கேட்குமாம்.
கத்தாரில் இருக்கும் இவன் அப்பாவுக்கு
இதை எப்படிப் போனில் சொல்ல?
அடி போதாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த மருந்து.
செவ்வாய்தோறும் வரணும்.
செவ்வாய்தோறும் ஒருநாள் கூலி.

தக்கலை தாண்டியதும்
பஸ் சீட்டு ரெக்சினைக் கிழிக்கத் தொடங்கினான்.
கண்டக்டர் வைதார். நானும் முதுகில் ஒன்று போட்டேன்.
போட்ட கையை எடுக்கவில்லை,
குலசேகரம் வரை.

ராத்திரி வெட்டுக்கத்தியை
அரிசிப் பானைக்குள் ஒளித்தேன்.
ஆறு மாதமாக ஒளிப்பதுதான்,
யாரையாவது வெட்டிவிடுவான் என்று.
இன்று மூடி கையில் நின்று ஆடியது.

மூன்று மணி.
"உறங்கல்லியா, ஜெனிஷே?"
"இல்ல."

எழும்பு என்றேன்.
செருப்பில்லாமல் வந்தான்,
நாலு மரம் பின்னால், முணுமுணுத்துக்கொண்டு.
மேட்டு வரிசை முடிந்து லைட்டைத் திருப்பினால்
ஒரு சிரட்டை கவிழ்ந்து கிடக்கிறது.
காற்றோ, அவனோ.
கேட்கவில்லை.
திரும்பிப் போய் நிமிர்த்தினேன்.
கொஞ்சம் பால் மண்ணில்.