நதிமூலம்

நதிமூலம் பார்க்கக் கூடாதாம்.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

ரப்பர் பூட்ஸ், டார்ச், ஈரமானி,
தண்ணீர் படாத உறைக்குள் பாலிசி நகல்.
ஐஃபல் மலையடியில்
லோர்பாக் ஓடை ஓர் இரவு
ஊருக்குள் வந்துபோன ஐந்தாம் நாள்
ஏலர்ட் வீட்டு நிலவறைக்குள் இறங்குகிறேன்,
தண்ணீரை விசாரிக்க.

எங்கிருந்து வந்தாய்?
குழாய் வெடித்தா? உட்கார், உனக்குப் பணம் உண்டு.
புயல் ஓட்டைப் பிடுங்கிப்போட, அந்தப் பொத்தல் வழி மழையாகவா?
உனக்கும் உண்டு,
காற்றின் விசை எட்டைத் தொட்டிருந்தால்.
ஆற்றிலிருந்து எழுந்து
வாசற்படி ஏறி வந்தாயா?
அப்படியானால் நீ யாரோ.
இந்தத் தாளில் உனக்குப் பெயர் இல்லை.

தண்ணீர் எப்போதோ போய்விட்டது.
மார்பளவு உயரத்தில்
சேற்றுக்கோடு மட்டும் நிற்கிறது,
ஒரு பூவரசு அளவு இலை ஒட்டிக்கொண்டு.
எந்த மரத்து இலை, தெரியாது.

ரோஸ்விட்டா முற்றத்தில்
ஊறுகாய்ச் சாடிகளைக் கழுவுகிறாள்.
வெளியெல்லாம் டீசல் நாற்றம்.
உள்ளே வெள்ளரிக்காய்கள்
ஒன்றும் நடக்காததுபோல் மிதக்கின்றன.

கட்டட மதிப்பு: பத்தொன்பதாயிரத்து நானூறு மார்க்,
1914-ஆம் ஆண்டு விலைக்கு.
ஆமாம், இன்னும் அப்படித்தான் எழுதுகிறோம்.
செத்துப்போன பணத்தில் வீட்டை நிறுத்து
ஓர் எண்ணால் பெருக்கி
இன்றைக்கு இழுத்து வருவோம்.
யாரும் சிரிப்பதில்லை.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கட்டம்.
வெள்ளம், நிலச்சரிவு, பனிப்பாரம்:
சேர்க்கவா, வேண்டாமா?
வேண்டாம் என்பதில் பெருக்கல் குறி,
அளவெடுத்துப் போட்டதுபோல் நேராக.
வருடத்துக்கு நூற்றுப் பதினெட்டு யூரோ கூடுதல்.
ஓடையோ முந்நூறு மீட்டர் தள்ளி.
"அதற்கு நடக்கத் தெரியாது என்றேன் அன்றைக்கு"
என்கிறார் வோல்க்மார் ஏலர்ட், படி உச்சியிலிருந்து.
"நான் சேர் என்றேன்"
என்கிறாள் ரோஸ்விட்டா, திரும்பாமல்.

அப்போதுதான் பார்த்தேன்.
கொதிகலனுக்குப் பின்னால்
செப்புக்குழாய் ஒன்று பிளந்து கிடந்தது.
என் தாளில் இருக்கிற தண்ணீர்!
கோடு ஒன்றுதானே, எந்தத் தண்ணீர் போட்டால் என்ன?
க்ரெஃபெல்டில் கையெழுத்திடுகிறவருக்கு
சேற்றின் வாசனை எட்டாது.

"குழாய் எப்போது உடைந்தது?
ஆறு வருவதற்கு முன்பேவா இருக்கும்?"
கேள்வியைக் கொஞ்சம் சாய்த்தே வைத்தேன்,
எந்தப் பக்கம் விழலாம் என்று தெரியும்படி.

அவர் இறங்கி வந்தார்.
முப்பத்தெட்டு வருடம் ஊருக்கெல்லாம் குழாய் பொருத்தியவர்.
கட்டைவிரலால் பிளவின் விளிம்பைத் தடவினார்.
"பாருங்கள், உதடு உள்ளே மடிந்திருக்கிறது.
தானாக வெடித்தால் வெளியே மலரும்.
எண்ணெய்த் தொட்டி மிதந்து எழுந்து
இடித்திருக்கிறது."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"தவிர, இது வெடிக்காது.
நான் பற்றவைத்தது."

என் பேனா காத்திருந்தது.
பிறகும் காத்திருந்தது.
மேலே சாடிகள் ஒன்றோடொன்று
இடித்துக்கொள்ளும் ஓசை.
காரணம் என்ற இடத்தில் எழுதினேன்:
ஆறு.

கூரையில் பதினொரு ஓடு பெயர்ந்திருந்தது.
அந்த இரவின் காற்றோ ஆறாம் விசை.
அதையும் எழுதினேன்.

காருக்குப் போகிறபோது
ரோஸ்விட்டா ஈரக்கையோடு வந்து நின்றாள்.
"இனிமேல் அந்தக் கட்டத்தையும் சேர்த்தால்
வருடத்துக்கு எவ்வளவு ஆகும்?"

போன வாரம் கேட்டிருந்தால்
மனப்பாடமாகச் சொல்லியிருப்பேன்.