நாலடிக்குப் பதினோரடி

சந்தை அளந்தபோது
நாடா முழுதாய் வெளியே வரவே இல்லை.
இந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர்.
அந்தப் பக்கம் ஜபருல்லாவின் ஜெராக்ஸ் கடைப் படி.
நடுவே நாலடிக்குப் பதினோரடி.
அதிலும் ஒரு சைக்கிள், வெட்டிப் போட்ட இளநீர் மட்டைகள்,
எந்தக் கோப்பிலும் ஏறாத ஒரு நாய்.

கும்பகோணத்தில் மழை விழ இடமிருக்கிறது.
நிற்கத்தான் இல்லை.
மாடியிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து தெருவுக்கு,
ஒர்க்‌ஷாப் வாசலில் ஆயிலைத் தொட்டுக்கொண்டு
வானவில் காட்டியபடியே
குளத்துக்குள் இறங்கிவிடும்.

வடிகட்டி அனுப்பு என்றார்கள்.
எதைக் கொண்டு என்பதை என்னிடம் விட்டார்கள்.

மழைத்தோட்டம். வரைபடத்தில் அழகு.
அதற்கு முதலில் ஒரு தோட்டம் வேண்டும்.
மரக்குழி.
கீழே குடிநீர்க் குழாய், அதன்மேல் கேபிள்,
அதன்மேல் யாருடையதென்று யாருக்கும் தெரியாத
இன்னொரு குழாய். வேர் யாரிடம் அனுமதி கேட்கும்?
நீர் உறிஞ்சும் கல்தளம் கார்த்திகைக்குள் அடைத்துக்கொள்ளும்.
கழுவ ஆள் கேட்டால் கமிஷனர் சிரிப்பார்.

ஆரோக்கியதாஸ் முழங்கால் ஆழம் தோண்டினார்.
இரண்டு குடம் ஊற்றிவிட்டுப் போனோம்.
காலையில் ஊற்றியது ஊற்றியபடி.
ஒரு தவளை குடிவந்திருந்தது.

"களி மேடம். நெல்லுக்குத் தண்ணி நிக்கணும்னு
ஆறு கொண்டாந்து போட்ட மண்ணு.
இன்னைக்கு வந்து எறங்குன்னா எறங்குமா?"

இறங்காது. சரி, அடியில் துளைக் குழாய் போட்டு
சாக்கடையில் சேர்க்கலாமென்றால்
சாக்கடையின் தரை என் குழாயைவிட
ஒரு சாண் உயரம்.
மூன்று இரவு மட்டக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டேன்.
சாண் சாணாகவே இருந்தது.

நாலாம் நாள் ஜபருல்லாவுக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனேன்.
நகராட்சி நிலத்தில் இரண்டடி நீட்டிக் கட்டிய படி;
வெள்ளம் கடைக்குள் வராமலிருக்க
இடுப்பளவு உயரம்.
பையிலிருந்து காகிதத்தை எடுத்தவள்
அந்த உயரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழே இடமில்லை. மேலே யாரும் அளக்கவில்லை.

"படி போகுதா, இருக்குதா?" என்றார்.
"இருக்கும் பாய். உள்ளே செடி இருக்கும்."

செங்கல் தொட்டி. அடியில் ஜல்லி, துளைக் குழாய்.
கொள்ளிடத்து மணலை நான் கேட்கக் கூடாது;
எம்-சாண்டை ஆறு முறை அலசினோம்,
பவுடர் போகும்வரை.
மேலே கொஞ்சம் மக்கிய எரு, கொஞ்சம் தேங்காய் நார்.
செடிக்கு மூன்றே நிபந்தனை:
ஐப்பசியில் முழுகிச் சாகாதே,
பங்குனியில் காய்ந்து சாகாதே,
ஆடு மேய்ந்தால் திரும்பி வா.
வெட்டிவேர் மட்டும் ஒத்துக்கொண்டது.
மாடிக் குழாயை நெஞ்சுயரத்தில் அறுத்துத் தொட்டிக்குள் திருப்பினோம்.

முதல் மழையில் தொட்டி குடித்தது தெளிந்த நீர்.
கக்கியது டிக்காஷன்.
சந்தே சிரித்தது.
"கழுவின தண்ணியை அழுக்காக்கித் தர மிஷினா?"
எருவின் சாயம், போய்விடும் என்றேன்.
இரண்டாவது மழையில் என் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.
ஐந்தாவதில் கண்ணாடி டம்ளரில் பிடித்து
ஜபருல்லா ஜெராக்ஸ் மெஷின்மேல் வைத்தார்.
அடியிலிருந்த எழுத்து படிக்க முடிந்தது.

ஆனால் தெருத் தண்ணீர் படியேறாது.
அந்த வானவில் இன்னமும் குளத்துக்குத்தான் போகிறது.
அறிக்கையில் எழுதினேன்: "பாதி நீர் மட்டுமே."
மேலே அடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.
மறுபடி எழுதினேன்.

இப்போது ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிறேன்.
அகலம் இரண்டே முக்காலடி.
ஆரோக்கியதாஸ் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு
டீ சொல்கிறார்.
நாய் முன்னாலேயே வந்து படுத்திருக்கிறது.