கிட்ட வைத்துப் பார்த்தல்

செவ்வாய் இரவு அவசரத்தில்
வில்லைகளைத் தூரத் தூர வைத்துவிட்டேன்.
தட்டின் வடக்கே எரித்ரோமைசின்,
தெற்கே கிளிண்டமைசின்,
இடையெல்லாம் பதினாறாம் கட்டிலின் சீழில் வளர்த்த கிருமி,
மெல்லிசாய்ப் பூசியது.

பாலமீன்மடு அமிர்தநாயகம்.
வலையில் சிக்கிய கெளுத்தியைக் கழற்றும்போது
உள்ளங்கையில் முள் ஏறியது.
கடையில் வாங்கிய எரித்ரோமைசின் மூன்று நாள்.
நாலாம் நாள் வலி குறைய, மறுபடி தோணி.
கட்டில் சீட்டில் சிவப்பு மையால்
பென்சிலின் ஆகாது என்றிருந்தது.

புதன் மாலை அடிமட்டம் வைத்து அளந்தேன்.
கிளிண்டமைசினைச் சுற்றி
ஒன்றும் முளைக்காத வட்டம்,
இருபத்தாறு மில்லிமீற்றர்,
காம்பஸால் கீறினாற்போல்.
'எஸ்' என்று எழுதினேன். மருந்துக்கு இணங்கும் என்று அர்த்தம்.
டொக்டர் ஹஷினிக்குப் போனில் சொன்னேன்.
அவ தேங்க்ஸ் சொன்னா, இரண்டு தரம்.

எரித்ரோமைசினைச் சுற்றி வட்டமே இல்லை.
வில்லையின் விளிம்புவரை வந்து மஞ்சளாய்ப் படர்ந்திருந்தது.
அது அப்போதே என்னை உறுத்தியிருக்க வேணும்.

வியாழன், பஸ்மிலா
தட்டை லைற்றுக்கு நேரே தூக்கிப் பிடித்து,
"ரெண்டையும் கிட்ட வெச்சுப் பாத்தயா கா?" என்றாள்.
நான் பதில் சொல்லவில்லை.
புதுத் தட்டொன்று எடுத்தேன்.

வெள்ளி காலை பஸ் கல்லடிப் பாலம் ஏறும்போது
வாவியில் ஏழெட்டுத் தோணி.
அவருடையது எது என்று தேடினேன்,
ஆள் வோட்டில் கிடக்கிறார் என்பதையும் மறந்து.

கிட்ட வைத்த தட்டில்
வட்டம் வட்டமாய் இல்லை.
எரித்ரோமைசின் பக்கம் மட்டும்
உள்ளங்கையால் அமத்தின ரொட்டிபோல
தட்டையாய் நின்றது.
ஆங்கில 'டி' எழுத்து,
முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதினமாதிரி.

மறுகா, படித்ததை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

எர்ம் என்றொரு மரபணு.
அதன் செய்தி ஓர் இழையாய் வரும்,
தன் மேல் தானே மடிந்து,
தொடக்கச் சொல்லைத் தனக்குள் பொத்திக்கொண்டு.
ரைபோசோம் தங்காமல் ஓடிவிட்டால்
மடிப்பு அப்படியே கிடக்கும்.
எரித்ரோமைசின் வந்து அதை வாசலில் மறிக்கும்.
மறித்த இடத்தில்தான் மடிப்பு அவிழும்.
மருந்து இன்னும் பிடிக்காத வேறொரு ரைபோசோம்
திறந்து கிடப்பதை வாசித்துவிடும்.
அதற்குப் பிறகு புதிதாய்ப் பிறக்கும் ஒவ்வொன்றிலும்
ஒரேயொரு அடினின் தலையில்
ஒரு மீதைல் தொப்பி.
மருந்து வந்து குந்த இடமில்லை.
கிளிண்டமைசினுக்கும் அதே கதிரைதான்.

கிளிண்டமைசின் தனியே வந்தால் அதை எழுப்பாது. உண்மை.
ஆனாலும் கோடியில் ஒன்று
மடிக்கத் தெரியாமல் பிறந்திருக்கும்,
எப்போதும் விழித்தபடி.
மற்றதெல்லாம் சாக, அது பெருகும்.
புதன் இரவிலிருந்து அமிர்தநாயகத்தின் கையில்
எத்தனை கோடி என்று
யார் எண்ணுவது?

போன் எடுத்தேன். எங்கேஜ்.
திரும்ப எடுத்தேன். எங்கேஜ்.
கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தேன்.

அவர் கை தலையணைமேல் இருந்தது,
வேறு யாருடையதோ போல வீங்கி.
டொக்டர் ஹஷினி ரிப்போர்ட்டைப் பார்த்தா,
என்னைப் பார்த்தா,
வன்கோமைசின் என்று எழுதினா.
பேசவில்லை.

அவர்தான் பேசினார்.
"ஏன் மகள், முள்ளு இன்னும் உள்ளுக்கயா கிடக்கு?"
முள் இல்லை என்றேன்.
"அப்ப என்ன கிடக்கு?"
சேலைன் குழாயைத் தட்டிப் பார்த்தேன்,
அது என் வேலை இல்லாவிட்டாலும்.
துளி சரியாய்த்தான் விழுந்துகொண்டிருந்தது.

பைலில் புதன்கிழமைத் தாள் இருந்தது.
கிழிக்கக் கூடாது. அழிக்கக் கூடாது.
'எஸ்'ஸின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் 'ஆர்',
திகதி, நேரம், என் கையெழுத்து.
இங்க் கொஞ்சம் பரவியது.

பின்னேரம் பஸ்மிலா ஒட்டோகிளேவுக்குத் தட்டுகள் அடுக்கினாள்.
ஒன்று குறையுது என்றாள்.
அது என் மேசையில்.

செவ்வாய் போட்டது.
இருபத்தாறு மில்லிமீற்றர்.
எந்தப் பக்கம் திருப்பினாலும்
இன்னும் வட்டமாய்த்தான் இருக்கிறது.