ஜன்னலோரம் ஒரு குடுவை

பதினேழு வயதில் சிக்னேயின் குடல்வாலை அறுத்தார்கள்.
அதில் ஒரு கோளாறும் இல்லை.
வலி அடுத்த மாதமும் வந்தது,
தீட்டுக்கு இரண்டு நாள் முன்னால்,
கடன்காரனைப் போல நாள் தவறாமல்.

தூங்கட்டும் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள்.
அதுதான் அவள் மணிக்கட்டுகளைத் தொங்கவிட்டது.
மூன்று வாரம் கரண்டி பிடிக்க முடியாமல்
சுவரோடு பேசிக்கொண்டிருந்தவளை
மனநோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அங்கே இரவு வேலைக்கு வந்த ஒருத்தி,
ஆர்யெப்லோக் பக்கத்துக்காரி,
பெயர் கேட்டு வைக்கவில்லை,
சிக்னேயின் சிறுநீரைக் கொட்டாமல்
ஒரு குடுவையில் ஜன்னலோரம் வைத்தாள்.
மார்ச் வெயில். வெளியே பனி.
மதியத்துக்குள் அது
பீட்ரூட் வெந்த தண்ணீராகிவிட்டது.
“நம்ம ஊர் வியாதி” என்றாள், பாதி பெருமையாக.

போர்ஃபிரியா.
இரத்தத்துக்குச் சிவப்பு சமைக்கும் வரிசையில்
மூன்றாவது ஆள் பாதி வேலைதான் செய்வான்.
அவனுக்கு முன்னால் குவிவதெல்லாம் நஞ்சு.
அப்பா கொடுத்தது.
அப்பாவுக்கு ஒருநாள்கூட வலித்ததில்லை.

எனக்கும் உண்டு.
ஒரே எழுத்துப்பிழை, இரண்டு பிரதிகள்.
அவளுடையது சத்தமாக வாசிக்கப்பட்டது;
என்னுடையதை யாரும் பிரிக்கவில்லை.
ஹோர்னாவன் ஏரி உறைந்ததும்
ஜெர்மன்காரர்களின் புதுக் கார்களை அதன்மேல் சறுக்கவிட்டு
பிரேக் சோதித்துச் சம்பாதித்தேன்.
குடித்தேன், பட்டினி கிடந்தேன். ஒன்றும் ஆகவில்லை.
அவள் கைப்பையில் எந்நேரமும் சர்க்கரைக் கட்டிகள்,
ஆகாத மருந்துகளின் பட்டியல், மடித்து மடித்துக் கிழிந்தது.
ஒவ்வொரு முறையும் நான்தான் வண்டி ஓட்டினேன்.
நரம்பில் குளுக்கோஸ் ஏறும்வரை
வாசலில் நின்று புகைத்தேன்.
சொல்ல நாக்கூசுகிறது,
தப்பித்தவன் என்றொரு மிதப்பு இருந்தது.

ஐம்பது தாண்டினால் ஆண்டுக்கொருமுறை
ஈரலைப் படமெடுக்க வேண்டுமாம்,
வலித்தவர் வலிக்காதவர் எல்லாரும்.
எட்டுக் கடிதங்கள் வந்தன.
ஏழை அடுப்பில் போட்டேன்.
எட்டாவதை சிக்னே பிரித்தாள்.

திரையில் ஒரு நிழல். மூன்று சென்டிமீட்டர்.
டாக்டர் அதை இரண்டு முறை அளந்தார்.

இப்போது உமியோவுக்கு அவள் ஓட்டுகிறாள்.
இடக்கை விரல்கள் இன்னும் முழுதாய் மடங்காது;
ஸ்டீயரிங்கை உள்ளங்கையால் தள்ளுகிறாள்.
வளைவில் பிரேக்கைத் தாமதமாக மிதிக்கிறாள்,
நான் வாயைத் திறக்கவில்லை.
பனிமான்கள் சாலையைக் கடக்கட்டும் என்று நின்றபோது
கைப்பையைத் துழாவி
ஒரு சர்க்கரைக் கட்டியை என் பக்கம் நீட்டினாள்.

எனக்கு வந்திருப்பதற்கு அது மருந்தல்ல.
இருவருக்கும் தெரியும்.
வாயில் போட்டுக்கொண்டேன்.