லாச்சிக்குள் கிடந்த வியாழக்கிழமை

அலுமாரி லாச்சியின் அடியில்
சேலைகளுக்குப் பாயாய் விரித்துக் கிடந்தது
ஒரு பழைய 'சோளகம்' பேப்பர்.
திகதி இருந்த மூலையைச் செல் தின்றுவிட்டது.
'வியாழக்கிழமை' மட்டும்
அதற்கும் ருசிக்காமல் மிச்சம்.

எந்த வருசத்து வியாழன்?
கண்ணாடியைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு
நிலத்தில் குந்தினேன்.

நாலு விரல் உயர எழுத்தில் தலைப்பு:
'ஆறு மாதத்தில் தீர்வு: அரசு உறுதி.'
எதற்குத் தீர்வென்ற வரி செல்லின் வயிற்றில்.
இதை வைத்து வருசம் பிடிக்க ஏலாது.
போன கிழமைப் பேப்பராகவும் இருக்கலாம்.

பக்கத்தில்,
'குறிகட்டுவான் வீதி விரைவில் செப்பனிடப்படும்.'
உதுவும் உதவாது.

'வெங்காய விலை சரிவு, கமக்காரர் கண்ணீர்.'
றாத்தல் முப்பது சதமாம்.
றாத்தல் போய், சதம் போய்,
கண்ணீர் மட்டும் பழைய விலைக்கே நிற்கிற ஊரில்
அப்பாடா, ஒரு தடயம்.

'இன்று மழைக்கு இடமில்லை.'
அந்த வரியின் மேலேயே
எங்கோ ஒழுகிக் காய்ந்த மழையின் மண்ணிறக் கறை.

'சுன்னாகம் சந்தையில் மாடு வெறியாட்டம்:
மூவர் காயம், மாடு தலைமறைவு.
பொலிஸார் வலைவீச்சு.'
மாட்டுக்கு ஏன் வலை என்று
அன்று ஒருவரும் கேட்கவில்லைப் போல.

உள்பக்கத்தில் பெட்டி கட்டி ஒரு திருத்தம்:
'நேற்றைய இதழில் அதிபர் கந்தப்பசேகரம் அவர்கள்
காலமானார் என வெளிவந்ததைக்
கடமையேற்றார் எனத் திருத்தி வாசிக்கவும்.
ஓர் எழுத்துப் பிழைக்கு வருந்துகிறோம்.'
ஓர் எழுத்தாம்.

வாய்விட்டு வாசித்தேன்.
குசினிக்குள் இருந்து பவளராணி:
"அவரோ? எங்கட அதிபரெல்லே.
மலர்வளையத்தோடை பன்னிரண்டு பேர் வந்தவையாம்.
ஒருத்தரையும் திருப்பி அனுப்பேல்லை.
தேத்தண்ணி குடுத்து, பேர் எழுதி வைச்சவர்.
பேந்து இருபத்திரண்டு வருசம்
வராத ஆக்களோடை மனுசன் கதைக்கவேயில்லை."

"அது எந்த வருசம்?"
"ஆருக்குத் தெரியும்?
அந்த உள்ளியை உரிச்சுத் தாங்கோ."

உரிக்க எழும்பினவன் அப்படியே நின்றேன்.
கடைசிப் பக்கம், கீழ் மூலை,
மருந்தெண்ணெய் விளம்பரத்துக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவில்
நெருக்குப்பட்டு ஒரு துண்டுச் செய்தி:
'படமாளிகை வாசலில் சைக்கிள் களவு.
கொக்குவில் மாணவன் ச. திருக்கேதீசன் (71)
மற்றினிக் காட்சி பார்த்துக்கொண்டிருந்த சமயம்...'

அது நான்.
ராலி சைக்கிள். மணி மட்டும் புதிது.
வீட்டில் சொல்லிவிட்டுப் போனது
பௌதிகவியல் ரியூசன்.

அப்பா பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கிறவர்.
ஆறு மாதத் தீர்வு அவர் கைக்கு எட்டமுந்தி
நான் எட்டிவிட்டேன்.
"எழுபத்தொண்டு எண்டு கிடக்கப்பா,
அது வேற ஆரோ" என்று வாதாடினேன்.
"எழுபத்தொரு வயசில ஆரடா மாணவன்?"
அந்தக் கேள்விக்குத் தனியாக ஒன்று விழுந்தது.

வருசம் பிடிபட்டுவிட்டது.
விரல் மடித்து எண்ணினேன்,
பிறகு நம்பாமல் கலண்டரில் எண்ணினேன்.

பதினேழைத் தலைகீழாய்க் கோத்த
பெயர் தெரியாத அச்சுக்கோப்பாளரே,
தீர்வு வரவில்லை.
குறிகட்டுவான் பக்கம் போனால் இடுப்பு இன்னும் சொல்லும்.
மாட்டைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.
அந்தப் பேப்பர் முழுவதிலும் பலித்தது
நீர் விட்ட பிழை ஒன்றுதான்.
வாற புரட்டாதியில் எனக்கு எழுபத்தொன்று.

"உள்ளி!" என்கிறாள் பவளராணி.

வாறன், வாறன்.
கடைசி வரி ஒன்று மிச்சம் இருக்கிறது:
'சைக்கிள் மிக விரைவில் உரியவரிடம் ஒப்படைக்கப்படும்
எனப் பொலிஸார் தெரிவித்தனர்.'

படலைப் பக்கம் ஏதோ மணிச் சத்தம்.
மீன்காரன்தான்.
என்றாலும் எட்டிப் பார்த்தேன்.